மூலையில் ஒரு ஸ்டார்

ஆறு மணிக்குப் பால் காய்ச்சினேன். மகளுக்குத் தலை வாரினேன். வகிடு கோணல். மறுபடி வாரினேன். மறுபடியும் கோணல். விட்டுவிட்டேன்.

அவள் ஷூக்களைக் கவிழ்த்துத் தட்டினேன். மூன்று முறை. ஏழு மாதமாக அப்படித்தான்.

பையில் ஐந்து நோட்டு, ஐந்து பென்சில், தண்ணீர் பாட்டில்.

தெருமுனையில் நான்கு பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்களை ஏரிக்கரைக்கு அழைத்துப்போனவள் என் மனைவி. பள்ளியில் அறிவியல் டீச்சர். அவள் போய் ஏழு மாதம். மகள் நச்சரித்து நச்சரித்து, இன்று நான்.

மனைவி வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று. நடக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. எதைப் பார்த்தாலும் கூப்பிடக் கூடாது. நின்று வரைய வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு நோட்டாகப் பார்த்து, பக்கத்தின் மூலையில் ஸ்டார் போடுவாள். சத்தம் போட்டால் எல்லாம் ஓடிவிடும் என்பாள்.

கரையில் எல்லோரையும் நிறுத்தி விதியை மாற்றினேன். எது ஊர்ந்தாலும், எது அசைந்தாலும், உடனே கத்த வேண்டும்.

"டீச்சர் இருந்தா உங்களத்தான் அங்கிள் முதல்ல முட்டி போட வெச்சிருப்பாங்க" என்றாள் முன்பல் விழுந்த பக்கத்து வீட்டுப் பெண்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அதன்பின் யாரும் வாயே திறக்கவில்லை.

நான் அவர்கள் கால்களை மட்டும் பார்த்தபடி நடந்தேன். புல்லுக்குள் பத்துக் கால்கள். எங்கேயோ ஒரு மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாய்ந்த மரத்தடியில் மகள் உட்கார்ந்தாள். நோட்டை முன்னும் பின்னுமாகப் புரட்டினாள். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்து, காதுக்குள் கேட்டாள்.

"அப்பா, நீங்க ஸ்டார் போட்டீங்களே, அந்தப் பக்கத்தக் காணோம்பா."

தெரியவில்லையே என்றேன்.

அது பீரோவில், இறப்புச் சான்றிதழுக்கு அடியில் இருக்கிறது. சாய்ந்த மரம். மரத்தடியில் அம்மா, நீலச் செருப்பு. செருப்பை ஒட்டிக் கறுப்பாக ஒரு நீண்ட கோடு. கோட்டின் மேல் வெள்ளை வளையங்கள். ஒன்றுகூட விடாமல் போட்டிருக்கிறாள்.

மூலையில் என் ஸ்டார். டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் போட்டது. நான்கு முனைதான் இருக்கிறது.

மனைவியின் கணுக்காலில் இருந்த இரண்டு புள்ளிகளை அன்று சாயங்காலம் டாக்டர்தான் காட்டினார். கடித்ததே தெரியாதாம். தூக்கம்தான் வருமாம். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மகளிடம் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கு ஏழு வயது. அன்று அவள் செய்ததெல்லாம் அம்மா சொன்னபடி வாய் திறக்காமல் இருந்ததுதான். அது அவளுக்குத் தெரியவே கூடாது.

திரும்பும் வழியில் அவள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். அம்மா கடைசியாக என்ன சொன்னாள்?

உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றேன். எப்போதும் அதைத்தான் சொல்வேன்.

அன்று என் மனைவி அந்த நோட்டைத் திறந்து என் மடியில் வைத்துவிட்டு, படுக்கையறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள்.

"தூக்கம் தூக்கமா வருது. பாப்பா என்னமோ வரைஞ்சிருக்கா, நீ பாத்து ஒரு ஸ்டார் போட்டுடு."