பறித்துச் செல்லக் கூடாதது

அதிகாரி தன் முடிவை ஆங்கிலத்தில் வாசித்து முடித்தபோது, அறையிலிருந்த தமிழர் மூவரில் இருவருக்கு அது புரிந்துவிட்டது. யாருடைய வாழ்க்கை அந்தத் தாளில் இருந்ததோ, அவளுக்கு மட்டும் புரியவில்லை.

அக்கா மடியில் கைகளைக் கோத்தபடி அதிகாரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கை சுவரோரத்து நாற்காலியில் இருந்தாள். குடியேற்ற அலுவலகத்தின் இதே அறையில், இதே மேசையருகே, ஏழு ஆண்டுகளாக மொழிபெயர்ப்பாளராக வேலை பார்ப்பவள் அவள். ஆயினும் உறவினருக்கு மொழிபெயர்க்கக் கூடாது என்பது அலுவலக விதி. இன்று அவள் வெறும் பார்வையாளர். ஒரு சொல் பேசினாலும், ஒரு சைகை காட்டினாலும் விசாரணை செல்லாது. அடுத்த தேதிக்கு இன்னும் பத்து மாதம் ஆகும்.

ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். மகிழ்ச்சி முகத்தில் வழிந்துவிடக் கூடாதல்லவா?

மேசையருகே இருந்தவர் மாஸ்டர். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மூன்று மாதங்களுக்கு முன் இந்த வேலைக்கு வந்தவர். கேட்டதைக் கேட்டபடி, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், பேசியவர் ‘நான்’ என்றால் தாமும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும் என்னும் தொழில் ஒழுங்கைத் தலைமேல் வைத்து நடப்பவர்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடியும் மாட்டினார்.

சொல்லித் தொலையுங்களேன் என்று தங்கையின் உள்ளம் கூவியது.

அதிகாரி உச்சரித்த அந்தச் சொல்லை அவள் நன்கு அறிவாள். அசைலம்.

அலுவலகத்தில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்குப் பிறந்த ஊர் தேடுவது அவளுடைய நெடுநாள் பழக்கம். ஆம்புலன்ஸ் என்ற சொல்லுக்குள் ஒரு நடை ஒளிந்திருக்கிறது. படையின் பின்னாலேயே நகர்ந்து சென்ற மருத்துவமனையின் பெயர் அது. காயம்பட்டோரில் யாரை முதலில் கவனிப்பது என்று பிரிக்கும் ட்ரியாஜ், ஒரு காலத்தில் ஆட்டு ரோமத்தைத் தரம் பிரித்த கைகளுக்குச் சொந்தமாக இருந்தது.

“மேடம், சொல்லோட தாத்தா பேரெல்லாம் கேட்டா நான் எங்க போவேன்?” என்று மாஸ்டர் ஒருமுறை கையெடுத்துக் கும்பிட்டார். அக்காவோ, “அகராதி புடிச்சவ” என்று பட்டமே கொடுத்துவிட்டாள்.

அசைலம் என்ற சொல்லுக்காக அவள் கிரேக்கம் வரை போனாள். ‘பறித்துச் செல்லக் கூடாதது’ என்பது அதன் வேர்ப்பொருள். ஓடி வந்தவன் கோவில் எல்லைக்குள் கால் வைத்துவிட்டால், துரத்தி வந்தவன் வெளியே நின்றுவிட வேண்டும். அதை வாசித்த அன்று அவள் அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்தாள்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

“உங்க மனுவை நான் ஏத்துக்கறேன். இந்த நாட்டுல உங்களுக்கு அடைக்கலம் குடுக்கறேன்.”

அக்கா அசையவில்லை. “அப்படின்னா? திருப்பி அனுப்ப மாட்டீங்களா?”

கேள்வி ஆங்கிலத்துக்குப் போயிற்று. பதில் தமிழுக்கு வந்தது.

“மாட்டோம்மா. இனிமே உங்களை யாரும் புடிச்சுக்கிட்டுப் போக முடியாது.”

தங்கைக்கு மெய்சிலிர்த்தது. கிரேக்கத்துப் பழம்பொருள், தாத்தா பெயர் தெரியாத மாஸ்டரின் வாயிலிருந்து முழுசாக வந்து விழுந்திருந்தது.

அக்காவின் தோள்கள் இறங்கின. ஒன்றரை ஆண்டுகளாகக் காதுவரை ஏறி நின்ற தோள்கள் அவை. மேசையிலிருந்த பெட்டியிலிருந்து நான்கைந்து காகிதக் கைக்குட்டைகளை ஒரே இழுப்பில் உருவி, மூக்கைச் சிந்தி, “இதைச் சொல்ல இவ்வளவு நேரமாய்யா? எனக்கு உசுரே போயிட்டு வந்துச்சு” என்றாள். மாஸ்டர் அதையும் கடமை தவறாமல் ஆங்கிலமாக்கினார். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரித்தபடியே கையெழுத்திட்டு, முத்திரை குத்தினாள். இனி எதுவும் செல்லாமல் போகாது. தங்கை நிமிர்ந்து பார்த்தாள்.

பதிவேட்டில் சேர்க்க ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா என்று அதிகாரி முறைப்படி கேட்டாள்.

“நன்றின்னு சொல்லுங்க. அப்புறம் ஒண்ணு கேக்கணும்,” என்றாள் அக்கா. “அதோ உக்காந்திருக்காளே என் தங்கச்சி, அவ வந்து ஒன்பது வருஷமாச்சு. வருஷா வருஷம் இங்க தங்கறதுக்கான தற்காலிக அட்டையைத்தான் புதுப்பிச்சுக் குடுக்கறீங்க. அவளுக்கு இந்த வார்த்தையை எப்பச் சொல்லுவீங்க?”

மாஸ்டர் சட்டென்று திரும்பினார். அவருக்குத் தெரியாது. அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர் எவருக்குமே தெரியாது, அவள் சொன்னதில்லை.

வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.

ஆனால் ஒரு சொல்லையும் விடக் கூடாது என்பது விதி. மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, அழுத்தம் திருத்தமாக, ஒன்பது வருஷத்தையும் விடாமல், ஆங்கிலத்தில் கேட்டு முடித்தார்.

எத்தனையோ பேருக்காக இந்த அறையில் ‘எனக்கு எப்போது?’ என்று கேட்டவள், தனக்காக அது கேட்கப்படுவதை இன்றுதான் கேட்டாள்.

அதிகாரி பேனாவின் மூடியைத் திறந்து, சுவரோரத்து நாற்காலியைப் பார்த்து, அவளுடைய கோப்பு எண் என்னவென்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

தங்கைக்குப் புரிந்தது. ஆயினும், மாஸ்டர் அதைத் தமிழில் சொல்லும்வரை காத்திருந்தாள்.