விரட்டினால் ஓடும் ரயில்

பாலத்தின் மேல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து, கீழ்த்தெருவில் ஜம்பு என்ற நாய்க்கு மதிப்பு கூடிவிட்டது. ரயில் வரும்போதெல்லாம் ஜம்பு தூணுக்குத் தூண் ஓடிக் குரைக்கும். ரயிலும் போய்விடும். "பார்த்தியா, நிக்காம ஓடுறான்!" என்று மீன்கடைப் பூனையான அல்லியிடம் ஜம்பு மூச்சு வாங்கச் சொல்லும்.

ஒருநாள் காலை, சிக்னல் கிடைக்காமல் ரயில் அந்தத் தெருவுக்கு மேலேயே நின்றுவிட்டது. ஜம்பு குரைப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டது.

"அண்ணே, நின்னுட்டான். இன்னிக்கு ஒரு கை பார்த்துடுங்க" என்றது கடைக்கூரையில் இருந்த அல்லி.

பின்வாங்கினால் இனி தெருவில் தலைகாட்ட முடியாது. தொங்கப் பார்த்த வாலைக் கஷ்டப்பட்டு நிமிர்த்திக்கொண்டு, ஜம்பு சாலையைக் கடந்து தூணடியில் நின்று லேசாக உறுமியது.

"தம்பி, நீங்கதானா?" என்றது ரயில், மேலிருந்து. "தினமும் என்னை வழியனுப்ப ஓடி வர்றீங்க. இந்த ஊர்ல வேற யாரு வர்றா? ரொம்ப நன்றி தம்பி."

ஜம்புவின் வால் தானாக ஆடத் தொடங்கியது. அதை அடக்குவதற்குள் சிக்னல் விழுந்து ரயில் கிளம்பிவிட்டது.

சாலை இரைச்சலில் அல்லிக்கு எதுவும் கேட்கவில்லை. "என்னண்ணே சொன்னான்?"

"மன்னிப்புக் கேட்டான். பொழைச்சுப் போன்னு விட்டுட்டேன்."

"அப்போ ஏன் வாலை ஆட்டினீங்க?"

ஜம்பு வாலை நிமிர்த்திக்கொண்டது.

"மன்னிச்சுட்டேன்னு அவனுக்குத் தெரிய வேணாமா?"