அச்சேறாத வரி

வாதம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதுவே வினையாகிவிட்டது.

கறுப்பு அங்கியும் துருக்கித் தொப்பியுமாக வக்கீல் நின்று முழங்க, நாகப்பட்டினம் கோர்ட்டில் கூரை விசிறியான பங்காவை இழுப்பவன்கூடக் கயிற்றை மறந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

கூண்டில் மீரா லெப்பை. வாரப் பத்திரிகை ஆசிரியர். 'வெள்ளைக்காரனின் யுத்தத்தில் நம் பிள்ளைகள் ஏன் சாக வேண்டும்?' என்று கேட்ட தலையங்கத்துக்காக ராஜத்துரோக வழக்கு.

தலையங்கத்துக்குப் பெயர் போடுவதில்லை. அது பத்திரிகை வழக்கம். எழுதியது யார் என்று போலீசார் குடைந்தெடுத்தும் லெப்பை வாய் திறக்கவில்லை. "ஆசிரியர் நான். அடி விழுந்தா என் முதுகுல விழட்டும்." அதோடு சரி.

எழுதியவர்தான் இப்போது அவருக்காக வாதாடிக்கொண்டிருந்தார்.

ஊரில் வேறு யாருக்கும் அது தெரியாது. தெரிந்தால் வக்கீல் தொழில் செய்யும் சன்னது பறிபோகும். ஜெயிலும் நிச்சயம்.

"இதில் எங்கே துரோகம்?" என்று கேட்டார். தலையங்கத்தை வரிவரியாகச் சொல்லிக்கொண்டே போனார். கையில் பத்திரிகை இருந்தது. பார்க்கவில்லை. பெற்ற பிள்ளையின் பெயரை யாராவது பார்த்துப் படிப்பார்களா?

"பயந்தவனுக்குச் சுதந்திரம் வந்தாலும், அது பக்கத்து வீட்டுக் கல்யாணம்தான்."

சொல்லி நிமிர்ந்தார்.

லெப்பை கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் உறைத்தது.

அந்த வரி அச்சில் இல்லை. 'காரம் ஜாஸ்தி, தம்பி' என்று லெப்பை சிவப்பு மையால் அடித்துவிட்ட வரி. அன்றைக்கு வக்கீலுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பல நாள் லெப்பையோடு பேசவே இல்லை.

மாஜிஸ்திரேட் பத்திரிகையை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"அந்த வரி இதில் இல்லையே, வக்கீல் சார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சர்க்கார் வக்கீல் மெல்ல எழுந்து நின்றார்.

பங்கா அசையவில்லை.

"நான் சொல்லித்தான் தெரியும், எசமான்." கூண்டிலிருந்து குரல் வந்தது. "எழுதினதும் நான், அடிச்சதும் நான். கேசுக்காக அவர்ட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சேன்."

பாவி மனுஷன். ஒரு பொய் உருப்படியாகச் சொல்லத் தெரியாதவர், இன்று எவ்வளவு அழகாகச் சொல்கிறார்! எழுதியவன் என்று ஒப்புக்கொண்டால் தண்டனை கூடும். லெப்பையின் நெஞ்சு இருமல் ஒரு மழைக்காலம்கூட ஜெயிலில் தாங்காது.

மாஜிஸ்திரேட் இவர் பக்கம் திரும்பினார்.

"அப்படியா?"

தலையை ஆட்டினால் போதும். வாய்கூடத் திறக்க வேண்டாம்.

தொப்பிக்குள்ளிருந்து வியர்வை இறங்கிக் காதோரம் வந்தது. மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தது. மற்ற கேசுகளின் கட்சிக்காரர்கள் வாசலில் காத்திருந்தார்கள். பயமாக இருந்தது. இத்தனை பயம் தனக்குள் இருப்பது இன்றுதான் அவருக்கே தெரிந்தது.

பயந்தவனுக்கு.

யாரோ எழுதிய வார்த்தை போலக் காதில் விழுந்தது.

கழுத்துப் பட்டையை அவிழ்த்தார். அங்கியைக் கழற்றினார். அவசரப்படாமல் மடித்து மேசைமேல் வைத்தார்.

"வேணாம், தம்பி" என்று முணுமுணுத்தார் லெப்பை.

வக்கீல் மேசையைச் சுற்றிக்கொண்டு கூண்டை நோக்கி நடந்தார்.

லெப்பை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கூண்டுக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார்.