வாயைத் திறந்த கல்

"செராபிஸ் சாமி வாயாலேயே 'நான் சாமி இல்லப்பா, ஆளை விடு'ன்னு சொல்ல வச்சவன் நான்! அறுநூறு கேள்வி கேட்டேன். கல்லே தாங்காம கத்திருச்சு!"

சபையில் பாடம் சொல்லும் கிழவர் பொட்டாமோன் போட்ட சத்தத்தில் அலெக்சாந்திரியத் துறைமுகத்துக் கப்பல்களே ஒரு முழம் நகர்ந்திருக்கும். ஞானஸ்நானத்துக்குப் பாடம் கேட்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சபை மூப்பர் சோயிலஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"பெரியவரே, போதும். சிலை பேசாதுன்னு நாம தெருத்தெருவா வாதாடுறோம். நீர் பேசுச்சுங்கிறீர். மத்தியானம் கிரேக்கத் தத்துவக்காரங்க வாதத்துக்கு வர்றாங்க. 'உங்க வாத்தியாரே எங்க சாமிக்குச் சாட்சி'ன்னு நம்ம கழுத்தைப் பிடிப்பாங்க."

"பிடிக்கட்டுமே! நடந்ததை நடக்கலேன்னு சொல்லவா?"

"கூட யாராவது பார்த்தாங்களா?"

"அன்னிக்கு நைல் திருவிழா. ஊரே ஆத்தங்கரையில. கோயில்ல நானும் அந்தக் கல்லும்தான். 'கடவுளுக்கு உடம்பே கிடையாதுன்னு உங்க ஞானிகளே சொல்றாங்க, உனக்கு எதுக்குய்யா மூக்கு?'ன்னு கேட்டேன். 'பசியே இல்லாத உனக்கு எதுக்குக் காளை மாட்டுப் பலி?'ன்னு கேட்டேன். பொழுது சாயுற வரைக்கும் நான் நின்ன இடத்தை விட்டு அசையலையே!"

"இப்பவே எல்லார் முன்னாடியும் பொய்னு ஒத்துக்கும். இல்லேன்னா இன்னையோட நீர் பாடம் சொல்ல வேண்டாம்."

சிரிப்பு சட்டென்று அடங்கியது. பெண்டாட்டி போய், பிள்ளைகளும் போன பிறகு பொட்டாமோனுக்கு மிஞ்சியது இந்தப் பாடம் ஒன்றுதான். இருபது வருஷமாக அதற்காகத்தான் காலையில் கண் விழிக்கிறார்.

எழுந்தார். முட்டி இரண்டும் நெட்டி முறிந்தன, குரல் முறியவில்லை.

"பாடத்தை நீரே வச்சுக்கும், மூப்பரே. அந்தக் கல்லு பேசுச்சு."

அவர் வாசலைத் தாண்டப் போனார்.

"நில்லும் பெரியவரே."

சோயிலஸின் முகம் வேர்த்திருந்தது. பாடம் கேட்க வந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"அவர் சொல்றது நடந்ததுதான். ஆனா பேசுனது கல்லு இல்ல. அந்தச் சிலைக்குள்ள ஒரு பொந்து இருக்கு. அப்ப அதுல உட்கார்ந்து சாமி குரல்ல பேசுன பூசாரி நான்தான். இந்த மனுஷன் நகரவே இல்ல, நான் வெளிய வர வழியும் இல்ல. கேட்டது அறுநூறு இல்ல, பதினேழு கேள்வி. ஒண்ணுக்குக்கூட என்கிட்ட பதில் இல்ல."