தெளிவான குரல்

இணையத்தை யார், எப்படி நடத்துவது என்று உலக நாடுகள் கூடிப் பேசும் கூட்டம். அரசுகளும் கம்பெனிகளும் பேசி முடித்துவிட்டன. அடுத்து பொதுமக்கள் சார்பில், உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து செல்போன் வழியாக சசிரேகா பேச வேண்டும். மூன்று நிமிடம். கூட்டம் பரிந்துரைத்தால் ஊருக்கு டவர் வரும்.

"நடுவுல கட்டாச்சுன்னா வேற ஆளுக்குப் போயிடுவாங்களாம்," என்றாள்.

"ஆவாது. நாப்பது பொம்பளைங்கள வேலை வாங்கற வாயி, வெள்ளக்காரன்கிட்ட திக்குமா? பேசு," என்று கணவன் தினகரன் வெளியே போனான்.

அவள் பெயரை அழைத்தார்கள்.

"எங்கூர்ல சிக்னல் இல்லீங்க. நூறு நாள் வேலைக்கு வர்றவங்க போட்டோவ நான்தான் போன்ல ஏத்தணும். ஏறலன்னா அன்னிக்கு அவங்களுக்குக் கூலி கெடையாது. போன வாரம் மூணு நாள் ஏறல. எங்களுக்கு ஒரு டவர் வோணும்."

குரல் ஒருமுறைகூட அறுபடவில்லை. கூட்டத்தின் தலைவர் சிரித்தபடி ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்.

"இன்று பேசியவர்களில் உங்கள் படமும் குரலும்தான் மிகத் தெளிவு. உங்கள் ஊருக்கு இணைப்பு நன்றாகவே இருக்கிறது. டவரை, உண்மையிலேயே சிக்னல் இல்லாத ஊருக்குப் பரிந்துரைக்கிறோம்."

"ஐயா, அது வந்து..."

திரையில் அடுத்தவர் வந்துவிட்டார்.

தினகரன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"முடிஞ்சிச்சா? உனக்கு லைன் கெடைக்கட்டும்னு ஊரே போனை ஆஃப் பண்ணி வெச்சிக்கினு கீது. இனிமே ஆன் பண்ணலாமான்னு கேக்கறாங்க."