நடைமேடையில் பதினொரு பேர்

சாப்பாட்டு மேசை முழுக்கப் பொம்மை ரயில் தண்டவாளம். ஒன்பது நாளாக அந்த வீட்டில் தட்டு மடியில்தான். இருபது வருடமாகக் கண்ணும் கருத்துமாக அவர் சேர்த்த ஆறு பயணியர் பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். பிற்பகல் வெயில் அவற்றின் சன்னல்களுக்குள் புகுந்து மேசைமேல் சின்னக் கட்டங்களாக விழுகிறது. என்ஜின் இல்லை. நிஜ ரயிலின் ஓட்டுநரான அவர், பெட்டிகளை ஒற்றை விரலால் தள்ளுகிறார். கட்டங்களும் கூடவே நகர்கின்றன. ஒன்பது நாளைக்கு முன் அவர் ஓட்டி வந்த ரயிலின் முன்னே, நடைமேடையிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். அன்றிலிருந்து அவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஆபீஸ்ல இருந்து ஃபோன். திங்கக்கிழமை வர முடியுமான்னு கேக்கறாங்க," என்கிறாள் மனைவி. "ம்." "என்ஜின் எங்கங்க?" "டப்பாவுல." வளைவு வருகிறது. அவருடைய இடது கை தானாக எழுந்து, இல்லாத ஹாரனை அழுத்துகிறது. சத்தம் வராததை அவர் கவனிக்கவில்லை. பெட்டிகள் நிலையத்துக்கு ஒரு சாண் முன்பே நிற்கின்றன. நடைமேடையில் விரல்நக உயரத்தில் பதினொரு பிளாஸ்டிக் ஆட்கள்: குடைக்காரர், பெட்டி தூக்குபவர், குழந்தையோடு ஒருத்தி. விளிம்போரத்தில் அவர்கள் நின்ற இடங்களில் காய்ந்த பசை மட்டும் இருக்கிறது. எல்லோரையும் பெயர்த்துப் பின்சுவரோடு ஒட்டிவிட்டார். "இப்ப நல்லாத் தள்ளித்தானே நிக்கிறாங்க?" என்கிறாள் மனைவி. அவர் குனிந்து, தாடையை மேசையில் வைத்து, தண்டவாளத்தின் வழியே நேராகப் பார்க்கிறார். "இல்ல," என்கிறார். "இன்னும் கிட்டதான் நிக்கிறாங்க."