இங்கிலீஷ் சந்தை

“நோ, நோ!” என்று காப்பித் தம்ளரைக் கையாலேயே ஒதுக்கிவிட்டு, இன்ஸ்பெக்டர் சிவப்புப் பென்சிலின் முனையை விரலால் தடவிப் பார்த்தார். மணி இன்னும் அடிக்கவில்லை; மூன்றாம் வகுப்பு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஹெட்மாஸ்டர் லிங்கப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. காப்பி வேண்டாம் என்ற மைசூர்க்காரரை அவர் அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

இங்கிலீஷ் வாத்தியார் சம்பத்குமாரோ கரும்பலகையோடு ஒட்டிக்கொண்டு நின்றார். இந்த மனுஷனுக்குக் கோபம் வந்தால் எதையும் இரண்டு தடவை சொல்லுவார் என்று ஜில்லா முழுக்கப் பேச்சு. அப்படிச் சொல்லிச் சொல்லியே மூன்று வாத்தியார்களின் வேலையைத் தின்றவர். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய் நாலு வருஷமாகிறது. அவன் பாஷையைக் காவல் காக்கிற வேலையை யார்தான் இவரிடம் கொடுத்தார்களோ!

சம்பத்குமாரின் வேலை தற்காலிகம். இன்றைக்கு இன்ஸ்பெக்டர் நல்லபடியாக ரிப்போர்ட் எழுதினால் நிரந்தரம். இல்லாவிட்டால் மேல்கோட்டைக்குத் திரும்பி, கோயில் மடப்பள்ளியில் மாமனாரோடு நின்று புளியோதரை கிளற வேண்டியதுதான். “அப்பாவுக்குக் கையுதவிக்கு ஆள் வேணுமாம்” என்று மனைவி வத்ஸலா காலையில் வாசல்வரை வந்து ஞாபகப்படுத்தி அனுப்பியிருந்தாள்.

பயப்படக் காரணமும் இருந்தது. மேல்கோட்டையில் அவருக்குப் பாசுரம் சொல்லிக்கொடுத்த வாத்தியாரேதான் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்தார். அங்கே பாடம் என்றால் சந்தைதான். குரு ஒரு தடவை சொல்லுவார், சிஷ்யர்கள் அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். பாசுரமானால் என்ன, இங்கிலீஷானால் என்ன? சம்பத்குமாருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். இந்தப் பள்ளிக்கூடத்துக் குழந்தைகளுக்கும் இரண்டு வருஷமாக அதையே ஏற்றி வைத்திருந்தார்.

இன்று ஒரு நாளைக்கு அது வேண்டாமே என்று, மணி அடித்ததும் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, “டோன்ட் ரிபீட்!” என்றார்.

“டோன்ட் ரிபீட்! டோன்ட் ரிபீட்!” என்று வகுப்பு கூரை அதிரச் சொல்லிற்று.

இப்போது இன்ஸ்பெக்டர் முன்வரிசையில் இருந்த ஜயம்மாவைப் பார்த்தார். “வாட் இஸ் யுவர் நேம்?”

அந்தக் குழந்தை வாயைத் திறப்பதற்குள் நாற்பது குரல்கள் எழுந்தன. “வாட் இஸ் யுவர் நேம்? வாட் இஸ் யுவர் நேம்?”

இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டார். “ஐ ஆம் ஆஸ்கிங் ஹர்!”

“ஐ ஆம் ஆஸ்கிங் ஹர்! ஐ ஆம் ஆஸ்கிங் ஹர்!”

உச்சரிப்பை மட்டும் குறை சொல்லக்கூடாது, அப்படியே இன்ஸ்பெக்டருடையதுதான்.

“ஸ்டாப் இட், ஸ்டாப் இட்!” என்று கத்தினார் இன்ஸ்பெக்டர். அவர் இரண்டு சொன்னதால் குழந்தைகள் கணக்காக நான்கு சொன்னார்கள். கத்தியதில் அவருக்கு ஒரு இருமல் வந்தது. கடைசி வரிசைக் கெம்பையன் அதையும் விடவில்லை, இரண்டு தடவை இருமினான்.

“ஏன் மேஷ்ட்ரே, இது பள்ளிக்கூடமா, பஜனை மடமா?” என்று லிங்கப்பா பல்லைக் கடித்தார்.

“கோ அவுட், கோ அவுட்!”

நான்கு முறை அதையும் சொல்லிவிட்டுக் குழந்தைகள் மைதானத்துக்கு ஓடினார்கள். அவர்கள் பின்னாலேயே ஹெட்மாஸ்டரையும் அனுப்பிவிட்டு, இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். சம்பத்குமாரின் மூக்கில் புளிக்காய்ச்சல் வாசனையே அடித்துவிட்டது.

“உமக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த மகானுபாவர் யாரு?”

காலையிலிருந்து இங்கிலீஷையும் கன்னடத்தையும் விட்டு இறங்காத மனுஷன் தமிழில் கேட்டார். சம்பத்குமாருக்கு அதைக் கவனிக்கக்கூடத் தெம்பு இல்லை. காலேஜ், பட்டம் என்று ஏதாவது பொய் சொல்லிவிடலாமா என்று பார்த்தார். நாக்கு புரளவில்லை.

“மேல்கோட்டைப் பாசுர வாத்தியார் செலுவநாராயண ஸ்வாமி, ஸார். அவர் மேலே ஒரு தப்பும் இல்லே. தேவரீர் எழுதறதை எம்பேர்லேயே எழுதிடுங்கோ.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். பிறகு ரிப்போர்ட்டைப் பிரித்து என்னவோ எழுதிச் சம்பத்குமார் பக்கம் திருப்பி வைத்தார்.

‘நிரந்தரம் செய்யலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது.

சம்பத்குமாருக்குக் கண்ணில் நீர் முட்டியது. “ஸார்... தங்களுக்குக் கோபம்னு நெனச்சேனே! எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தரம்...”

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நேக்கும் அவர்தாங்காணும் வாத்தியார், நேக்கும் அவர்தாங்காணும் வாத்தியார்!”